அம்மா காதால் கேட்ட படிப்பு

போன மாதம் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் என்றால் நம்மை எதற்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சால்வை, ஒரு தட்டில் மிக்சர், பத்து நிமிடப் பேச்சு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் படிப்பதற்குப் பெற்றோர் எப்படி உதவலாம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. முப்பது வருடம் வகுப்பில் நின்றவளுக்கு இதற்கெல்லாம் குறிப்பு எழுத வேண்டுமா என்று வீம்பாக வெறுங்கையோடு போய் நின்றேன்.

பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அது வாசிக்கும்போது நீங்களும் புத்தகத்தைப் பாருங்கள், செல்போனைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, நகக்கண்ணெல்லாம் மருந்தின் சாம்பல் நிறம். "எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது டீச்சர். நான் பக்கத்துல உக்காந்து பாத்து என்னத்தக் கண்டேன்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லப் போனால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், "பாருங்கம்மா, பாத்தாலே போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அங்கே விழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன். என் வயதுக்காரர்களிடம் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நீங்களும் எதையாவது விழுங்கித்தான் இத்தனை தூரம் வந்திருப்பீர்கள்.

இப்போது ஆனைக்குட்டம் அணை இருக்கிற இடத்துக்குத் திருத்தங்கல் பக்கமாக இருந்தது எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது முடிந்து பத்து நடந்தது. தங்கை என்னைவிட இரண்டு வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களையெடுத்துக் கதிரறுத்தவர்கள். மழை பொய்க்கப் பொய்க்கக் காட்டு வேலை இல்லாமல் போய், அப்பா திருத்தங்கலில் லோடு ஏற்றப் போனார். அம்மா வீட்டிலேயே தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டினாள்.

பெட்டி ஒட்டுகிற வீட்டின் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை எடுப்பாள். அந்தப் பசை கொஞ்சம் புளித்த கஞ்சி மாதிரியும் கொஞ்சம் துரு மாதிரியும் மணக்கும். மெல்லிய மரச்சில்லை மடித்து நீலத்தாளைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தால் பெட்டி. முற்றம் முழுக்க நீலமாகக் காயும். அம்மாவின் விரல் நுனிகள் பசையில் ஊறி வெடித்திருக்கும். சோற்றைப் பிசையும்போது உப்பு பட்டால் அப்படியே கையை எடுத்து உதறுவாள்.

அந்தத் தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடும். எங்கள் அம்மா எங்களை உட்கார விடவில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் சொல்லப் போவதைக் கேட்டு அவளை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. விளக்கு வைக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும். சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். எழுத்து தெரியாத அம்மா, கையும் கண்ணும் பெட்டியில் மாட்டிக்கொண்ட அம்மா, மிச்சம் இருந்த காதை எங்களுக்குக் கொடுத்தாள். அவளால் முடிந்தது அது.

சத்தம் வந்தால் படிப்பு நடக்கிறது, சத்தம் நின்றால் படிப்பு நின்றுவிட்டது. அவள் கணக்கு அவ்வளவுதான். என் சத்தம் நிற்கவே நிற்காது. பாட்டும் பாடமும் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் நின்று, "ஒம் மூத்தவ வக்கீலுக்குத்தான் படிக்கப் போறா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தங்கை வாயைத் திறக்காமல் படிப்பாள். புத்தகத்தின் மேல் குனிந்தால் பக்கம் புரட்டுகிற சத்தம்கூட வராது. "சின்னவ சத்தத்தக் காணோமே" என்று அம்மா திரும்பாமலே கேட்பாள். அவள் திடுக்கிட்டு வாசிக்கத் தொடங்குவாள். ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று. அம்மா உச்சுக்கொட்டுவாள்.

இப்போது உங்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார், ஒரே கூடம். எல்லா வகுப்பும் அங்கேதான். யார் என்ன ஒப்பித்தாலும் என் காதில் விழும், விழுந்தது அப்படியே தங்கிவிடும். எந்தப் பக்கத்தில் என்ன படம் இருக்கிறது, அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. காதில் விழாத பாடம் என்றால் தங்கை இருந்தாள். விறகு பொறுக்க ஊருக்கு வெளியே கருவேலங்காட்டுக்குப் போவோம். அவள் என் புத்தகத்தைப் பிரித்து ஒரு தடவை வாசித்துக் காட்டுவாள். எனக்கு ஒரு தடவை போதும். மூன்றாம் வகுப்பில் இருந்தவள் நான்காம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்ததில்லை. அவளுக்கு அது விளையாட்டு, எனக்கு அது வசதி. ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் சத்தியமாக எனக்கு அப்போது இல்லை. படிப்பு என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் லீவு விட்ட நேரத்தில் அப்பா லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்தார். இடுப்பில் அடி. கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அம்மாவின் பெட்டி வேலை மட்டும் நான்கு வயிற்றுக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டில் உப்பு கேட்கப் போன அம்மா கொஞ்ச நாளில் கேட்கப் போவதையும் நிறுத்திவிட்டாள். இனி கேட்க முடியாது என்பது எங்களுக்கும் புரிந்தது.

தீப்பெட்டிக் கம்பெனி ஏஜெண்ட் வந்தார். கட்டை அடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்றார். சட்டத்தில் வரி வரியாகக் குச்சிகளை நெருக்கி அடுக்குகிற வேலை அது. சின்ன விரல்தான் அதற்குச் சரிப்படும் என்பார்கள். விடியுமுன்னே வேன் வரும், இருட்டினால் திரும்பக் கொண்டு வந்து விடும். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மூத்தவளை அனுப்புங்கள், கொஞ்சம் தெம்பாக இருக்கிறாள் என்றார். அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் அப்பாவிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

"யாருக்குப் படிப்பு ஏறுதோ அது படிக்கட்டும். ஏறாதது வேன்ல போகட்டும். நாளைக்கு ரெண்டும் என்னைய ஒரு வார்த்த சொல்லக் கூடாதுல்ல."

நியாயமாக நடக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஏஜெண்ட் சொன்னபடி செய்திருந்தால் நான்தான் போயிருப்பேன், எல்லாம் சரியாக இருந்திருக்கும். அம்மாவின் நியாயம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

மறுநாள் மத்தியானம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பாடப்புத்தகம் பழகினது, அதில் வாசித்தால் தெரியாது என்றாள். பாருங்கள், எவ்வளவு விவரமானவள். புத்தகத்துக்கு அட்டை போட அப்பா திருத்தங்கல் பிரஸ்களில் இருந்து கழிவுத் தாள் கொண்டு வந்து வைத்திருப்பார். மை கூடிப் போனது, கோணலாக விழுந்தது என்று ஒதுக்கின தாள்கள். சுருட்டி வைத்திருந்த அதில் ஒரு பெரிய தாளை உருவி, பிரித்துப் பார்க்காமலே தங்கையிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பசைத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குக் கம்பெனிக்குப் பெட்டி லோடு கொடுத்தாக வேண்டும்.

அது ஏதோ எலி மருந்து டப்பாவில் ஒட்டுகிற எச்சரிக்கை லேபிள். படம் ஒன்றும் இல்லை, சிவப்பு மையில் பொடி எழுத்து. தங்கை தாளைத் தரையில் விரித்து மண்டியிட்டு வாசித்தாள்.

"கு...ழந்தைகள்... கைக்கு... எட்டாத... இடத்தில்... வைக்கவும்."

நிறுத்திவிட்டாள். அம்மா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, "மேல படி" என்றாள்.

"அம்புட்டுத்தாம்மா. திரும்பத் திரும்ப அதேதான் போட்டிருக்கு."

அம்மாவின் கை நிற்கவில்லை. "இம்புட்டுப் பெரிய தாள் பூராம் ஒரே பேச்சயா அடிச்சு வச்சிருப்பாக? முடியலன்னா முடியலன்னு சொல்லு, ஆத்தா. பொய் சொல்லாத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப ஆதரவாகச் சொன்னாள். தங்கை மறுபடி தாளைப் பார்த்தாள். தாளை என் பக்கம் தள்ளினாள்.

பிரஸ்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். லேபிளைத் தனித்தனியாக அடிக்க மாட்டார்கள். ஒரே தாளில் ஒன்றையே வரிசை வரிசையாக அடித்துப் பிறகு வெட்டுவார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு அந்தத் தாளில் இருந்த எழுத்துகளில் நாலைந்துதான் அடையாளம் தெரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. நான் நிறுத்தினால் வேன் எனக்கு.

விரலை முதல் வரியில் வைத்தேன். "நமது ஊருக்கு மேற்கே ஒரு பெரிய கண்மாய் உள்ளது. கண்மாயில் நீர் நிறைந்தால் வயல்கள் செழிக்கும்" என்று ஆரம்பித்தேன். வாயில் வந்ததெல்லாம் பாடம் மாதிரியே வந்தது. உழவர்கள் வந்தார்கள், மாடுகள் வந்தன, வண்டி கட்டிச் சந்தைக்குப் போனார்கள். விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டே தாளின் அடி வரைக்கும் போய், மூச்சு வாங்கி நிறுத்தினேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா, "கலெக்டர் கணக்கா வாசிக்கிறா பாரு" என்றார். அவர் விழுந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வாசித்ததில் ஒரு எழுத்துகூட அந்தத் தாளில் இல்லை என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லிவிடுவாள் என்று தாளைச் சட்டென்று மடித்தேன். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஐம்பது வருடமாகியும் எனக்குத் தெரியாது. அம்மா ஏற்கெனவே பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டாளே, இனி யார் நம்புவார்கள் என்று இருந்திருக்கலாம். என் மேல் இருந்த பிரியமாக இருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயமும் பிரியமும் தனித்தனியாகவா இருக்கும்?

அம்மா ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதைத்தான். அவளுக்கு எழுத்துத்தான் தெரியாது. கண் தெரியும். காய்கிற பெட்டிகளில் கோணலாக ஒட்டின ஒன்றை நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது. அந்தத் தாளில் ஒரே மாதிரி வரி, ஒரே மாதிரி அளவில், வரிசை வரிசையாக நிற்பதை ஒரு நொடியில் பிடித்திருப்பாள். ஒரே வரியை வைத்துக்கொண்டு மூத்தவள் எப்படிக் கண்மாய்க்கும் சந்தைக்கும் போனாள் என்று கேட்டிருப்பாள். விருதுநகரில் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். எழுத்து தெரியாவிட்டாலும் பாருங்கள், தாயே, பாருங்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு வேனும் வந்தது. அம்மா தங்கைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னுகிற மாதிரியே ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவிட்டாள். கையில் புத்தகப் பைக்குப் பதிலாகத் தூக்குச்சட்டி. அவள் அழவில்லை. வேனில் ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவள் ஏறி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரமே வாத்தியார் வீட்டுக்கு வந்தார். வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போவது அவர் வழக்கம். "சின்னப் புள்ள எங்கம்மா? அது நல்லா வாசிக்குமே" என்று கேட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னாள்.

"இல்லீங்க சார், நீங்க மாத்திச் சொல்றீக. நானே ரெண்டு பேத்தையும் வாசிக்க விட்டு, எங் காதால கேட்டுட்டேன். சின்னவளுக்குப் படிப்பு ஏறல."

வாத்தியார் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். அந்தத் தாளை வாசித்ததைக்கூட ஒரு பிள்ளையின் பயம் என்று நான் மன்னித்துவிடுவேன். என் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை அப்படி மன்னித்திருக்கிறேன். இந்த இடத்தைத்தான் தாண்ட முடியவில்லை. ஒரு வார்த்தை போதும், மறுநாள் காலை அவள் வேனில் ஏறியிருக்க மாட்டாள்.

"ஆமா சார்" என்றேன். "அவளுக்கு ஏறல."

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் வகுப்பில் நான் மாட்டிக்கொண்டேன். வாசித்துக் காட்ட ஆள் இல்லை. வாத்தியார் இரண்டு தடவை அடித்தார். அப்போதும் வீட்டில் சத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டேன், எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். யார் எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. கருவேலங்காட்டில் உட்கார்ந்து அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவள் தலைமுடியில் மெழுகும் மருந்தும் மணக்கும், விரல் நுனியில் தோல் உரிந்திருக்கும். நான் அவசரமாக ஊகித்துச் சொன்னால் புத்தகத்தின் மேல் விரலை வைத்து, "பாத்துச் சொல்லுக்கா" என்பாள். அந்த வருடம் முடிவதற்குள் எனக்கு நிஜமாகவே வாசிக்க வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தூங்கினாள்.

அப்பா எழுந்து நடமாட வருடக்கணக்கில் ஆனது. அதற்குள் தங்கை வளர்ந்துவிட்டாள், பள்ளிக்கூடத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் படித்து டீச்சர் ஆனேன். அவள் தீப்பெட்டியிலிருந்து வெடிக்குப் போனாள், விஸ்வநத்தத்தில் வாக்கப்பட்டாள். "பெரியவ கெட்டி. சின்னவளுக்குப் படிப்பு ஏறல, என்ன செய்ய" என்று அம்மா கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லாவற்றிலும் சொன்னாள். அங்கேயே பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பாள் தங்கை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், சாப்பிட்டுக்கொண்டு.

என் பையன் படிக்கிற காலத்தில் நான் அடுப்படியில் இருந்துகொண்டு, "சத்தத்தக் காணோம், சத்தமாப் படி" என்று கத்தியிருக்கிறேன். டீச்சர்தான், கத்தியிருக்கிறேன். தங்கை வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுத் தன் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் உட்காருவாள். ஒன்றும் பேச மாட்டாள். அவர்கள் பார்க்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டும் நன்றாகப் படித்துவிட்டன. அது எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கு இன்னமும் ஆச்சரியம்.

அம்மா இப்போது தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். காது சுத்தமாகக் கேட்பதில்லை. தங்கை பேசினால் மட்டும் வாயசைவை வைத்துப் புரிந்துகொள்கிறாள். கூடவே இருந்து பழகின முகம்.

பள்ளிக்கூடத்துக் கூட்டம் முடிந்த மறுநாள் நான் பஸ் பிடித்து விஸ்வநத்தம் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். தங்கை அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அன்றைக்கு நான் வாசித்தது ஒன்றும் அந்தத் தாளில் இல்லையம்மா. அவள் வாசித்ததுதான் இருந்தது. படிப்பு ஏறாதவள் நான்தான். காதருகே போய் இரண்டாம் தடவையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அரிவாள்மணைச் சத்தம் நின்றிருந்தது. தங்கையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா என் வாயையே பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் தாண்டித் தங்கையைப் பார்த்து, "ஏத்தா, அக்கா என்ன சொல்றா? எதுக்கு அழுகுறா?" என்று கேட்டாள்.

தங்கை அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீ... சாப்ட்டியான்னு... கேக்குறா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "நான் சாப்ட்டேன்னு சொல்லு. முதல்ல அவளுக்குச் சோத்தப் போடு. படிச்ச பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாது" என்றாள்.

தங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குத் தட்டு வைத்தாள்.